தோள்மேல இருந்த கை

10.3.2010, புதன், சிதம்பரம்.

மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா நேத்து மாநிலங்களவையில பாஸ் ஆச்சு. அதைக் கொண்டாட பேனர் வைக்கணும்னு எங்க வார்டு கவுன்சிலரோட புருஷன் நான் டிசைன் பண்ற கடைக்கு வந்தாரு. கொண்டாந்த போட்டோ அத்தனையும் ஆம்பளைங்க. எனக்கு சுர்ருனு ஏறிச்சு.

"கவுன்சிலரு அக்காதானே மாமா? அவுங்க படம் எங்க?"ன்னு கேட்டுட்டேன்.

"அவ படம் எதுக்கும்மா?"ன்னாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, போன் போட்டு அக்காவைப் படத்தோட வரச் சொன்னாரு.

அக்கா கொண்டாந்தது ரெண்டு பேரும் ஜோடியா நின்னு எடுத்த போட்டோ. அக்காவை மட்டும் தனியா வெட்டினா, அவரு கை அவுங்க தோள்மேலயே நிக்குது.

"இருக்கட்டும்மா"ன்னாரு.

அக்கா கம்ப்யூட்டர் கிட்ட குனிஞ்சு பாத்தாங்க. "அதை எடுத்துடும்மா. படத்தையும் பெருசா போடு"ன்னாங்க.

மசோதாவுக்கு இன்னும் மக்களவை பாக்கி இருக்கு. அங்க என்ன பண்ணுவாங்களோ.

கையை அழிச்ச எடத்துல சேலை கலரு லேசா திட்டாத் தெரியுது. பரவால்ல. நாளைக்கு பேனரை மேல வீதியில ஏத்தினா, ரோட்டுல போறவங்களுக்கு அது தெரியாது. அக்கா முகம்தான் தெரியும்.