வளையம் வைத்த சவரன்

06-03-2025, திண்டிவனம்

பழைய இங்கிலீஷ் சவரன் காசுகள் மூன்றையும் பீரோவிலிருந்து எடுத்தேன். இரண்டு வருஷமாக மூன்றும் ஒரே நகைக்கடை ரோஸ் தாளில்தான் கிடந்தன. ஒன்றோடொன்று உரசி ராஜா தலையில் கீறல். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும். அட்டை உறைக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும், பின் பட்டால் கீறும். வட்டமான கெட்டி டப்பிதான் சரி. காசு உள்ளே ஆடக்கூடாது. வெர்னியரில் அளந்தேன்: இருபத்திரண்டு மில்லிமீட்டர். மூன்று டப்பி ஆர்டர் போட்டேன். ரேடியோ ரிப்பேரைப் போல இதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

09-03

மகள் ஜாக்குலின் விழுப்புரத்திலிருந்து போன் செய்தாள். பேத்தி ஆஷ்லினுக்கு மே மாதம் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்குகிறாள்.

"அம்மா கழுத்துல கெடந்த காசு அவளுக்குன்னு அம்மாவே சொல்லிச்சு. நீயும் பக்கத்துலதான இருந்த?"

இருந்தேன். அதற்காக? மூன்றில் அதுவும் நான் வாங்கிய காசு. என்னைக் கேட்காமல் வளையம் பற்றவைத்துச் செயினில் கோத்துக்கொண்டவள் என் வீட்டுக்காரி செபஸ்தியம்மாள். அவள் போய் இரண்டு வருஷம். கோபம் போகவில்லை. முடியாது, கையுறை போடாமல் அதைத் தொடவே கூடாது என்றேன்.

"டப்பால போட்டு பூட்டி வெச்சிக்கினு அதுகூடவே பேசிக்கினு இரு!"

வைத்துவிட்டாள். பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது?

10-03

போன் வரவில்லை.

17-03

டப்பிகள் வந்தன. இரண்டு காசு டக்கென்று உட்கார்ந்தன. மூன்றாவது போகவில்லை. வளையம் இடிக்கிறது. பெரிய டப்பியில் போட்டால் கிலுகிலுப்பை மாதிரி ஆடும். வளையத்தை விட்டுவிட்டு எப்படி அளந்தேன்? எனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?

02-04

பத்தர் தென்னரசிடம் வளையத்தை வெட்டச் சொன்னேன்.

"வெட்டிடலாம் பெரியவரே. தழும்பு நிக்கும், பரவால்லயா?"

கத்திரியை வைத்தார். வளையம் ஒரு பக்கம் நூலாகத் தேய்ந்திருந்தது. அப்போதுதான் பார்த்தேன். குளிக்கும்போதுகூட அவள் கழற்றியதில்லை.

நாளைக்கு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன்?

20-04

ஈஸ்டர். கால் கிலோ கறி கேட்டேன். "வூட்டுக்கு யாரும் வரலியாங்க?" என்றான் கடைக்காரன். அவனுக்கு எதற்கு?

11-05

விழுப்புரம் போய் வந்தேன். பழைய வளையத்தை நம்ப முடியாது. தென்னரசிடம் கெட்டியாக வேறு ஒன்று வைத்து வாங்கியிருந்தேன். பூசை முடிந்ததும் காசை ஜாக்குலின் கையில் கொடுத்தேன்.

"கையுறை எங்கப்பா?" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

வெள்ளைக் கவுனில் ஆஷ்லின், பிரியாணி தின்ற கையாலேயே காசைத் தடவினாள். "தாத்தா, தாடி வெச்ச இந்த ஆளு யாரு, நம்ம சொந்தமா?"

ராத்திரி இருக்கச் சொன்னார்கள். பஸ் ஏறிவிட்டேன்.

12-05

மூன்றாவது டப்பி காலி. திருப்பி அனுப்பவில்லை. தூசி உள்ளே போகாமல் மூடி வைத்தேன்.

வியர்வை தங்கத்தை ஒன்றும் செய்யாது. படித்திருக்கிறேன்.