தாழ்த்திய காரும் அம்மை வீட்டு வழியும்

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தரையை ஒட்டித் தாழ்த்தியிருக்கிறார். இன்று காலை அது நம் தெரு மேட்டில் ஏறும்போது அடிவயிறு உரசிக் கிறீச்சிட்டது. கூடவே டயர் மட்கார்டில் தேய்ந்த ரப்பர் வாடை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடலாமா என்று மருமகள் சத்தம் போட்டாள். அந்த வாடைக்கு நான் ஓடாமல் வேறு யார் ஓடுவது? நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

உங்கள் காரிலும் இதே வாடைதான் வரும். ரப்பர் தோட்டத்தில் உங்களுக்கு வேலை கொடுத்திருந்த துரை, சீமைக்குத் திரும்பும்போது உங்களிடம் விட்டுச்சென்ற கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கல்யாணமாகி நான் உங்கள் செங்கல் கிராமத்துக்கு வந்த புதிது. வேறு யாராக இருந்தாலும் கிடைத்த காரைக் கும்பிட்டு ஓட்டியிருப்பார்கள். நீங்களோ ஏதோ பத்திரிகையில் பந்தயக் கார்கள் தரையோடு படுத்துக் கிடக்கும் படத்தைப் பார்த்துவிட்டீர்கள். பாறசாலைக் கொல்லப்பட்டறையில் ஸ்பிரிங் பட்டைகள் சிலவற்றை உருவி, மிச்சத்தை அடித்து நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"இனி பாரு ட்டி, வளைவுல சாயவே சாயாதாக்கும்."

உண்மைதான், சாயவில்லை. நெய்யாற்றின்கரை ரோட்டு வளைவுகளில் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் நேர் ரோட்டில் அது போட்ட போடு என் இடுப்புக்குத்தான் தெரியும். மாட்டுவண்டியே தேவலை என்றிருந்தது.

கலுங்கு வந்தால் இன்னும் மோசம். ஓடைக்கு மேலே ரோடு முதுகு தூக்கி நிற்கும். நானும் உள்ளே இருந்தால் காரின் அடி தட்டும்.

"ஏட்டி, ஒண்ணு எறங்கு. கலுங்கு வருது."

நான் இறங்குவேன். நீங்கள் ஊர்ந்து ஊர்ந்து மேட்டைத் தாண்டுவீர்கள். நான் பக்கத்தில் நடந்துகொண்டே வம்பு வளர்ப்பேன்.

"கார் வச்சிருக்கது எனக்கு நடை பழக்கவா?"

"நீ கொஞ்சம் மெலிஞ்சா நடக்க வேண்டாம்."

சந்தைக்குப் போகும் பெண்கள் நின்று சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். ஆனாலும் அடுத்த கலுங்கு எப்போது வரும் என்று மனம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் எல்லைப் போராட்டம் மூண்டது. நம் ஊர் தமிழ்ப் பக்கம் போகுமா மலையாளப் பக்கம் போகுமா என்பதே வீட்டுக்கு வீடு பேச்சு. பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே தென்னந்தடிகளைப் போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா குழித்துறைக்கு அப்பால் என் அம்மைக்குச் சீக்கு முற்ற வேண்டும்? கண் விழித்தால் என்னைத்தான் கேட்கிறாள் என்று ஆள் வந்து சொன்னான்.

உடனே கிளம்பினோம். பாறசாலை தாண்டியதும் முதல் தடியிலேயே கார் வயிறு படிய உட்கார்ந்துவிட்டது. நான் இறங்கியும் பலனில்லை. மறியலுக்கு நின்றவர்கள் பரிதாபப்பட்டுத் தூக்கி இறக்கிவிட்டார்கள்.

"அண்ணே, களியக்காவிளை வரைக்கும் தடி உண்டு. ஒங்க காரு ஆமையாக்கும், தாண்டாது. தடிய நகத்த மாட்டோம், போராட்டம் பாருங்க. வேற வண்டி கொண்டாந்தா மண் அணைச்சுத் தாறோம்" என்றான் ஒருவன்.

திரும்பினோம். வழியெல்லாம் அழுதேன். நீங்கள் ஒரு வார்த்தை தேற்றவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என்னை வீட்டில் விட்டுவிட்டு நேரே பட்டறைக்குத்தான் போயிருக்கிறீர்கள். உருவிய பட்டைகளை மறுபடி கோத்து, அது போதாதென்று அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே உயரத்துக்கு அயனிமரக் கட்டையும் கொடுத்துவிட்டீர்கள். சாயங்காலம் வாசலில் கார் சண்டைச் சேவல் மாதிரி நிமிர்ந்து நின்றது. விடிந்ததும் புறப்பட்டோம். சொன்னபடியே அந்த ஆட்கள் தடியின் இருபுறமும் மண் அணைத்துக் கொடுத்தார்கள். கார் ஏறி இறங்கிப் போயிற்று.

"வந்தியா மக்கா" என்றாள் அம்மை. என் கையால் கஞ்சித்தண்ணீர் குடித்தாள். அன்று மாலையே போய்விட்டாள்.

பதினாறு கழிந்ததும், "இனி தாழ்த்திக்கிடுங்க" என்று நானே சொன்னேன். வளைவில் அந்தக் கார் ஆடிச் சாயும்போதெல்லாம் உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"வேண்டாம் ட்டி. அம்மை போனா ஒனக்க ஊரும் போயிருமா?"

பிறகு மாநிலங்களைப் பிரித்தார்கள். நாம் கேரளத்தில் நின்றோம், என் ஊர் தமிழ்ப் பக்கம் போயிற்று. அன்று முழுக்க நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் காரை எடுத்து வந்து ஹார்ன் அடித்தீர்கள்.

"ஏறு. நாம போயிட்டு வாறதுக்கு யாருக்க உத்தரவு வேணும்?"

அம்மை வீடு பூட்டிக் கிடந்தது. முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு வருடா வருடம் அப்படித்தான். உயர்ந்த காரில் கலுங்குகளை உட்கார்ந்தபடியே தாண்டினேன். இறங்கச் சொல்ல மாட்டீர்களா என்று இருக்கும். சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் நடக்க அப்போதும் ஆசைதான். இப்போது அந்த ஆசை தாங்க முடியவில்லை.

வளைவில் சாயாமல் திரும்புவதையே பெரிய சுகமாக நினைத்தவர் நீங்கள். எனக்காக அதை விட்டீர்கள். விட்டேன் என்று ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அதை நினைத்துக்கொண்டேதான் என் பொழுது விடிகிறது.

இப்போது குழித்துறைக்கு எந்நேரமும் பஸ் உண்டு. ரோட்டில் ஒரு தடையும் இல்லை. மகனும் கூட்டிப்போகிறேன் என்கிறான். ஆனால் நீங்கள் போன பிறகு நான் அங்கே போகவே இல்லை. கூட்டிக்கொண்டு போக நீங்கள் இல்லாமல், அது எனக்கு வெறும் பக்கத்து மாநிலம்.