உள்ளிருந்து அளந்த மதில்

பிப்ரவரி 11

என் முழக்கோல் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாய். இருக்கிறோம் என்று வைத்துக்கொள். போன் மணி கேட்டால் உன் அத்தான் மிரண்டு அழுகிறார். அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தெருமுனையில் மதில் கட்டினேன் அல்லவா, அதற்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. வண்டி திரும்புகிறவர்களின் பார்வையை மறைக்கிறதாம், முப்பது நாளில் இடிக்க வேண்டுமாம். எதிர்வீட்டு வேன் டிரைவர்தான் மனுக் கொடுத்திருக்கிறார். நேரே போய்க் கேட்டேன். "கோவிச்சுக்காதீங்கம்மா, திரும்பறப்ப அந்தப் பக்கம் யாரு வர்றாங்கன்னே தெரியல" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் கட்டினேன் என்று உனக்குத் தெரியும். மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு அவரை அறைக்குள் வைத்திருக்க முடியவில்லை, கதவை அறைகிறார். வாசல் வெயிலில் உட்கார்ந்தால்தான் அடங்குகிறார். ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உடுத்தியதையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிடுகிறார். இருபத்தாறு வருஷம் விசில் ஊதி ஒரு பள்ளிக்கூடத்தையே வரிசையில் நிறுத்திய மனுஷன். அவரிடம் ஓடப் பழகிய பயல்களே கம்பி வேலிக்கு வெளியே நின்று சிரித்தார்கள். ஒருவன் படம் எடுத்தான். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

மேல்முறையீடு உங்கள் அலுவலகத்துக்குத்தான் வருமாம். அளப்பதுதானே உன் உத்தியோகம், நீயே வந்து அளந்துவிட்டுப் போ. அக்கா கேட்கிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானைப் பற்றிப் படித்துவிட்டு அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

விதியைச் சொல்லிவிடுகிறேன். முனை வீடு என்றால், முனையிலிருந்து இருபது அடி தூரத்துக்கு மதிலோ வேலியோ செடியோ எதுவானாலும் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. இதை எத்தனையோ பேருக்கு வாசலில் நின்று படித்துக் காட்டியிருக்கிறேன். வண்டியில் இருப்பவன் கண்ணுக்கு சைக்கிளில் வருகிறவன் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மல்லுக்கு நின்றவர்கள் உண்டு, செடியை வெட்டும்போது அழுதவர்கள் உண்டு. ஒருவருக்கும் நான் இரக்கம் பார்த்ததில்லை.

சொந்த அக்கா வீட்டுக்கு நான் அளக்கப் போகவே கூடாது. ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. சனிக்கிழமை காலை வருகிறேன். அத்தானிடம் முன்கூட்டிச் சொல்லாதே, வாசலையே பார்த்துக்கொண்டு தவிப்பார்.

தம்பி

மார்ச் 6

என் முழக்கோலுக்கு,

சான்று தபாலில் வந்தது. 'உயரம் மூன்றடி. விதிக்கு உட்பட்டது.' கீழே உன் கையெழுத்து. சாமி படத்தைப் போலச் சட்டம் போடலாமா என்று பார்க்கிறேன்.

நீ டேப்பின் நுனியை அத்தான் கையில் கொடுத்தாயே, அதை அவர் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு "ரெடி!" என்று கத்தினாரே, அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். ஐந்து மாதத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. நீயும் குனிந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்த்தேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மழைத் தண்ணீர் வராமல் இருக்க நம் வாசலை மண் கொட்டி உயர்த்தியது உனக்குத் தெரியும். உள்ளே நின்றால் மதில் மூன்றடி. ரோட்டில் நின்றால் என் நெற்றி வரை வருகிறது. நீ கேட்டைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போகவே இல்லை. நானும் போ என்று சொல்லவில்லை. போகட்டும். அவர் இப்போது நிம்மதியாக வெயில் காய்கிறார்.

அக்கா

ஏப்ரல் 19

தம்பி,

போன செவ்வாய் காலை முனையில் விபத்து. பின் தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் பெண், சைக்கிளில் வந்தவளை வேன் அடித்துவிட்டது. ஓட்டியது எதிர்வீட்டு டிரைவரேதான். சத்தம் கேட்டு ஓடினேன். என் மதிலுக்கும் வேனுக்கும் நடுவில் கிடந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை நசுங்கிவிட்டது.

டிரைவர் தரையில் உட்கார்ந்து, "நான்தான் சொன்னேனே, தெரியலன்னு சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

நேற்று விசாரிக்க வந்தவர்கள் உன் சான்றைப் பார்த்தார்கள். மதில் சரியாகத்தான் இருக்கிறது, அந்தப் பெண்தான் கவனமில்லாமல் வந்திருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். டேப்பை வெளியே எடுக்கக்கூட இல்லை. ரோட்டுப் பக்கம் நின்று அளந்து பாருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

என்ன செய்வது, சொல்லு.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதறாதே. இதை ஊன்றிப் படி.

தாழ்ந்த பக்கத்திலிருந்துதான் அளக்க வேண்டும் என்று விதியின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம். இந்த ஒரு சான்று தப்பு என்று தெரிந்தால் நான் கையெழுத்திட்ட அத்தனையையும் தோண்டுவார்கள். உன் வீட்டுக்கு வந்து அளந்தது அக்கா என்பதற்காகத்தான் என்பதும் வெளியே வரும்.

அதனால் கொத்தனாரை விட்டு மேலே இரண்டடியை எடுத்துவிடு. விரிசல் விட்டது, எடுத்தேன் என்று சொல். முனையும் தெளிவாகிவிடும், இனி யாருக்கும் அடிபடாது. அத்தானுக்குத் தட்டி ஏதாவது கட்டிக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு நம்மால் முடிந்ததைச் செய்வோம்.

படித்ததும் கிழித்துப் போடு.

தம்பி

மே 9

தம்பி,

கொத்தனார் வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன். என்ன நடந்தது என்று சொல்ல இந்த ஊரில் இருக்கும் ஒரே சாட்சி அந்த இரண்டடிதான். அதையும் எடுத்துவிட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

தையல்காரப் பெண்ணைப் பார்க்கப் போனேன். ஒரே அறை, ஜன்னலோரம் மிஷின், மேலே துணி போட்டு மூடியிருந்தது. மூன்று விரல் மடங்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அக்கா, உங்க செவத்துல சைக்கிள் உரசிப் பூச்சு போயிடுச்சாமே? மன்னிச்சிடுங்கக்கா. நான்தான் பாக்காம வந்துட்டேன்." அவள் புருஷன் மூலையிலிருந்து, "இதத்தான் நானும் தினம் சொல்றேன், கண்ண எங்க வச்சுட்டு வந்தேன்னு" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், தம்பி. நான் கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அவளுக்கு நீ செய்ய முடிந்தது ஒன்றுதான். தப்பாக அளந்துவிட்டேன் என்று நீயே உன் அலுவலகத்துக்கு எழுது. வந்து அளக்கச் சொன்னது அக்கா என்றும் எழுது, நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். என் வாயால் முதலில் சொல்ல வைக்காதே. உன்னை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இந்த மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன்.

அக்கா

மே 17

அக்கா,

நீ கூப்பிட்டாய், வந்தேன். நீ அழுதாய், கையெழுத்துப் போட்டேன். எனக்காகப் போட்டதா அது? முப்பத்தொரு வருஷம் ஒருவரிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவன், உனக்காக ஒரு நாள் வளைந்தேன். இப்போது நீ நியாயம் பேசுகிறாய்.

என் பெண்ணுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. நான் அவமானப்பட்டு வீட்டுக்கு வந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? நான் எழுதினால் அந்தப் பெண்ணின் விரல் மடங்கிவிடுமா?

மதிலை எடுத்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

உன் மனசு மாறும் என்று மாதக் கடைசி வரை தபால்காரரை எதிர்பார்த்தேன். நேற்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ரோட்டுப் பக்கம் நின்று ஒரு தடவை அளந்து பாருங்கள் என்று கேட்டேன். இன்று காலை இரண்டு பேர் வந்தார்கள். ஐந்தடி, ஓர் அங்குலம். முன்பு அளந்தவர் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். அவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். எல்லாம் நான் கேட்டுத்தான் செய்தான் என்று எழுதச் சொன்னேன். சிறியவர் எழுதிக்கொண்டார், பெரியவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உனக்கு இந்த வாரமே கடிதம் வரும். அதற்கு முன் என் கடிதம் உன்னை வந்து சேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

மத்தியானமே மதிலை இடித்துவிட்டார்கள். உன் அத்தான் வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு போர்வையை அவர் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போகிறவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்குக் கை ஓயும்வரை பிடித்துக்கொள்வேன். அவமானமாக இல்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். உடம்பு கூசுகிறது.

நீ இனி என் வாசல் மிதிக்கமாட்டாய் என்று தெரியும். அதில் உன் மேல் குறை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மாவை அவரிடம் உட்கார வைத்துவிட்டுத் தையல்காரப் பெண் வீட்டுக்குப் போனேன். உன் மேல் தப்பில்லை, என் மதில் மேல்தான் தப்பு, எனக்கு முதலிலேயே தெரியும் என்று அவள் புருஷன் காதிலும் விழும்படி சொன்னேன். காலில் விழப் போனேன், அவள் நகர்ந்துகொண்டாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். மடங்காத விரல்களைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப இத்தன நாளா ஏன்கா சொல்லல?"

அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால், அவளுக்கே எழுது. பின் தெரு, மூன்றாவது வீடு.

அக்கா