கையுறைக்காரன்

அக்டோபர் 14, செவ்வாய்

சராசரி வேகக் கணக்கை இன்று என் வீடியோச் சேனலில் ஏற்றிவிட்டேன். சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று, மணிக்கு இருபது கிலோமீட்டர். திரும்பும்போது அதே காற்று முதுகில், மணிக்கு முப்பது. மொத்தப் பயணத்தின் சராசரி என்ன? ஊரே இருபத்தைந்து என்று சொல்லும். விடை இருபத்து நான்கு. சூத்திரத்தைப் போட்டுச் சட்டென்று முடித்துவிட்டேன். இழுத்தால் பிள்ளைகள் ஓடிவிடும்.

சாப்பிடும்போது ஹிஸ்காவிடம் சொன்னேன். "அந்தச் சூத்திரம் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். வந்தது வந்ததுதான் என்றேன். என் மனைவி எல்லாவற்றிலும் கெட்டிக்காரி, ஆனால் எண் என்று காதில் விழுந்தாலே கொட்டாவி விடுவாள்.

அதற்குள் ஒருவர் பிடிக்கவில்லை என்று கட்டைவிரலைக் கீழே காட்டியிருக்கிறார். யாரென்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

அக்டோபர் 15, புதன்

பிடிக்காதவர்கள் இரண்டு. ஊகமும் இரண்டு.

அக்டோபர் 23, வியாழன்

திருட்டு. பச்சைத் திருட்டு.

'மெதுவாக' என்று ஒரு புதுச் சேனல். பேச்சே கிடையாது. ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, மெல்லிய கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள். என் சைக்கிள், என் காற்று, என் இருபது, என் முப்பது! சூத்திரத்தை மட்டும் காணோம். ஒரு சாலையை வரைந்து அறுபது கிலோமீட்டர் என்று எழுதுகிறான். போக மூன்று மணி நேரம், வர இரண்டு. நூற்றிருபது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். இருபத்து நான்கு. அவ்வளவுதான். அறுபது என்று யார் சொன்னது இவனுக்கு? கணக்கில் தூரமே இல்லையே. எந்தத் தூரமானாலும் அதே விடைதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும்.

கடைசியில் ஒரு வரி எழுதுகிறான்: "கணக்கு தந்தவருக்கு நன்றி." நக்கலைப் பார்.

கீழே கருத்துகள் வரிசையாக: "இப்பதான் புரிஞ்சுது", "நாலு வருஷமா யாரும் இப்படிச் சொல்லலை." என் வீடியோவின் கீழே இருக்கும் ஒரே கருத்து செருப்பு விளம்பரம்.

பகலெல்லாம் நீர் வாரியத்தில் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ வெட்டிய கால்வாய், யாரோ வைத்த பம்பு. மாடி அறையில் இஸ்திரி மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய விளக்குத் தண்டில் கேமராவைக் கட்டி, நான் செய்யும் இந்த வீடியோக்கள் மட்டும்தான் எனக்கே எனக்கு. அதிலும் கை வைத்துவிட்டானே.

அக்டோபர் 24, வெள்ளி

திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்டுபிடித்தவை:

தாளுக்கு அடியில் இருப்பது எஃகு மேஜை. விளிம்பில் வெளிச்சம் பளபளக்கிறது.

தாளின் மேல் ஒரு முடி. பிரஷ் முடியாக இருக்கலாம்.

முக்கியமானது இதுதான். இருபத்து நான்கை எழுதும்போது முதலில் நான்கை எழுதுகிறான். இடம் விட்டு. பிறகு அதற்கு முன்னால் வந்து இரண்டைப் போடுகிறான். டச்சு மொழியில் நாம் வாயால் 'நான்கும் இருபதும்' என்றுதானே சொல்கிறோம்? முதல் வகுப்பில் எல்லாருமே காதில் விழுந்த வரிசையில் எழுதத்தான் பார்ப்போம், வாத்தியார் திருத்திவிடுவார். இவனை யாரும் திருத்தவில்லை.

கையுறை எதற்கு? கையைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்பதற்குத்தான். ஆக, எனக்குத் தெரிந்த கை.

நவம்பர் 1, சனி

எஃகு மேஜை. தலையில் அடித்துக்கொண்டேன், இவ்வளவு நாள் தோன்றவில்லையே! டௌவே.

டௌவேயும் நானும் ஒரே வகுப்பு. கணக்கில் அவன் என்னைவிட ஒரு படி மேலே. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சந்தையில் மீன் வண்டி போட்டான், இன்றுவரை ஓஹோ என்று ஓடுகிறது. சனிக்கிழமை மாலையில் ஐஸ் அரங்கத்தில் சேர்ந்து சறுக்குகிறோம். என் கணக்குகளை எல்லாம் முதலில் கேட்பவன் அவன்தான்.

இன்று வண்டிக்குப் போய் மேஜையைப் பார்த்தேன். எஃகு. பக்கத்தில் பிரஷ்.

"என்னடா, மீனைப் பார்க்காம மேஜையையே பார்க்கிறே?" என்றான்.

"நல்லாத் துடைச்சு வைக்கிறியே."

"துடைக்காட்டி சுகாதார ஆபீஸ்காரன் வந்து உயிரை எடுப்பான். பொரிச்ச மீன் வேணுமா, வேண்டாமா?"

பேச்சை மாற்றிய வேகம் கவனிக்கத்தக்கது.

நவம்பர் 4, செவ்வாய்

பொறி தயார். ஒரு பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை ஒரு பம்பு இருபத்தொரு மணி நேரத்தில் இறைக்கும், இன்னொன்று இருபத்தெட்டு மணி நேரத்தில். இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு. தற்செயலாக இந்த எண்கள் ஒருவனுக்கும் தோன்றாது. இதை நான் வீடியோவாகப் போடவே மாட்டேன். டௌவே ஒருவனிடம் மட்டும் சொல்வேன்.

இயல்பாக வருகிறதா என்று பார்க்க, சாப்பாட்டுக்கு முன்னால் அடுக்களையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஹிஸ்கா பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "தண்ணி எவ்வளவுன்னே சொல்லலியே?" என்றாள். தேவையில்லை என்றேன்.

நவம்பர் 8, சனி

சொல்லிவிட்டேன். டௌவே காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான். "பன்னிரண்டு," என்றான் உடனே. இவன் வாயிலேயே விடை வைத்திருக்கிறான்.

நவம்பர் 13, வியாழன்

மாட்டிக்கிட்டான்!

இருபத்தொன்று, இருபத்தெட்டு. அதே பம்பு, அதே பள்ளம். பள்ளத்தை எண்பத்து நான்கு வாளித் தண்ணீர் என்று வைத்துக்கொள்கிறான். ஒரு பம்பு மணிக்கு நான்கு வாளி, மற்றது மூன்று, சேர்ந்து ஏழு. பன்னிரண்டு மணி நேரம். குழந்தைக்குக்கூடப் புரியும். அதுதான் இன்னும் எரிகிறது.

"கணக்கு தந்தவருக்கு நன்றி." தந்தேனா? நான் உனக்குத் தந்தேனா?

கூட இருந்து சறுக்கி, கூட உட்கார்ந்து காப்பி குடித்து — எப்படி மனசு வந்தது இவனுக்கு?

நவம்பர் 15, சனி

சந்தையில் கூட்டம். பரவாயில்லை என்று போனேன். "வீட்டுக்கு ஒரு பெட்டி ஹெர்ரிங் வேணும். பெட்டி மேலே என் வீட்டு எண்ணை எழுதிக் கொடு," என்றேன். எங்கள் கதவு எண் நாற்பத்தெட்டு. எழுதினான். நான்கு, பிறகு எட்டு. இடமிருந்து வலம், பள்ளிப்பிள்ளை மாதிரி.

தெரிந்துகொண்டே மாற்றி எழுதுகிறான்! அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கையுறை எங்கடா டௌவே?"

"எந்தக் கையுறை?"

"நடிக்காதே. மெதுவா, மெதுவான்னு என் கணக்கை எல்லாம் வித்துக்கிட்டு இருக்கியே, அந்தக் கையுறை."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். டௌவே கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"டேய், விடியக்காலையில எழுந்து மீன் வெட்டுறேன். சாயங்காலம் கையை மறைச்சுக்கிட்டு உன் கணக்கைத் திருட எனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அப்ப இருபத்தெட்டு எப்படி வெளியே போச்சு?"

"உன் வாயைக் கேளு. ஊர் முழுக்க அதுதான் கணக்கு சொல்லுது." பெட்டியை என் பக்கம் தள்ளினான். "இதை எடுத்துக்கிட்டுப் போ. இனிமே மீன் வேணும்னா வேற வண்டியைப் பாரு."

கோபப்படுகிறவன் குற்றவாளி.

நவம்பர் 17, திங்கள்

புகார் கொடுத்துவிட்டேன். வீடியோத் தளத்தில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. எதை, எங்கிருந்து எடுத்தான் என்று வரிக்கு வரி எழுதினேன். உங்கள் முழுப்பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. தாராளமாக. யாரென்று தெரியட்டும்.

நவம்பர் 19, புதன்

'மெதுவாக' இல்லை. எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள். நிம்மதி.

சூப் அடிபிடித்துவிட்டது. ஹிஸ்கா அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே கவனிக்கவில்லையாம். அவளுக்கு இப்படி ஆனதே இல்லை.

நவம்பர் 22, சனி

ஹிஸ்கா சரியாகப் பேசுவதில்லை. அவள் வேலை செய்யும் கால்நடை மருத்துவமனையில் ஏதாவது நாய் செத்துப்போயிருக்கும், அவளுக்கு அதெல்லாம் மனதில் தங்கிவிடும். கேட்டேன். "நாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, "உனக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

டௌவே விஷயத்தை யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "ஒண்ணுமில்லையே," என்றேன்.

இன்று சறுக்கும்போது டௌவே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு போய் வளைவில் விழுந்தேன். கணுக்கால் வீங்கியிருக்கிறது.

நவம்பர் 29, சனி

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

கணுக்கால் காரணமாக இன்று நான் சறுக்கவில்லை. தடுப்புக்கு வெளியே ஹிஸ்காவின் பக்கத்தில் நின்றேன். எங்கள் குழுவுக்குச் சுற்று நேரம் காட்டுவது அவள்தான். கையில் நிறுத்தக் கடிகாரம், மடியில் சிறு பலகை. ஒவ்வொருவரும் கோட்டைத் தாண்டியதும் நேரத்தை எழுதி, அடுத்த சுற்றில் வரும்போது தூக்கிக் காட்டுவாள். பல வருடமாக அந்தப் பலகையைப் பார்த்துத்தான் சறுக்குகிறேன். தூக்கிய பலகையைத்தான் பார்த்திருக்கிறேன். எழுதும் கையைப் பார்த்ததில்லை.

டௌவே கோட்டைத் தாண்டினான். முப்பத்தெட்டு. ஹிஸ்கா முதலில் எட்டை எழுதினாள். இடம் விட்டு. பிறகு முன்னால் வந்து மூன்றைப் போட்டாள்.

குளிருக்காக அவள் கையில் கறுப்பு மெல்லிய கையுறை.

அடுத்தவன் வந்தான். நாற்பத்தொன்று. முதலில் ஒன்று.

எஃகு மேஜை — நாயைப் படுக்கவைத்துப் பார்க்கும் மேஜை. முடி — பூனை முடி. எல்லாம் அங்கேயே நின்றபடி ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன்: "நீயா?"

அவள் வண்டியைக் கிளப்பவில்லை. "புகார்ல உன் முழுப்பேரும் இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு இத்தனை நாளாப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரியாது ஹிஸ்கா. நீன்னு சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுதான். டௌவேயைச் சந்தேகப்பட்டே. ஆபீஸ்ல ஒவ்வொருத்தனையும் சந்தேகப்பட்டே. செருப்பு விளம்பரக்காரனைக்கூட விடலை. என்னை ஒரு தடவை சந்தேகப்பட்டியா? அந்த மரியாதைகூட எனக்கு இல்லை."

"கணக்குன்னா உனக்குத்தான் பிடிக்காதே..."

"யார் சொன்னா? உன் வீடியோ ஒண்ணு விடாமப் பார்ப்பேன். புரியாது. வேலை முடிஞ்சப்புறம் அந்த மேஜையில தாளைப் போட்டு நானே எழுதி எழுதிப் பார்ப்பேன். ஒருநாள் புரிஞ்சுச்சு. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? என்னை மாதிரி ஆட்கள் எத்தனை பேர் இருப்பாங்கன்னுதான் போட்டேன். கையைப் பார்த்தா நீ கண்டுபிடிச்சுடுவே, சிரிப்பேன்னு கையுறை."

"அந்தப் பம்புக் கணக்கு? அதை நான் போடவே இல்லையே?"

"நீ போடாம விட்டுட்டே. நல்ல கணக்கு, வீணாப் போகுதேன்னு எடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"கேட்டேனே. சூத்திரம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன்."



டிசம்பர் 1, திங்கள்

புகாரைத் திரும்பப் பெற எழுதினேன். காரணம் கேட்டது. 'தவறு என்னுடையது' என்று மட்டும் போட்டேன்.

டௌவேயின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. "ஹிஸ்காவா! அவ வீடியோவை நானும் பார்த்தேன்டா, என் அக்கா பிள்ளைக்கு அனுப்பி வெச்சேன்." பிறகு சிரிப்பை நிறுத்தினான். "சந்தையில என்னைத் திருடன்னே. அத்தனை பேர் முன்னாடி."

"ஆமாம்."

"சனிக்கிழமை வண்டிக்கு வா. அதே வரிசையில நின்னு, அதே அளவு சத்தமாச் சொல்லு."

நியாயம்தான்.

டிசம்பர் 5, வெள்ளி

இன்று சிந்தர்க்ளாஸ் இரவு, பரிசு கொடுத்துக்கொள்ளும் திருநாள். வருடா வருடம் பரிசோடு கிண்டல் பாட்டும் எழுதி வைப்போம். எனக்கு வந்த பொட்டலத்தில் பாட்டு இல்லை. கறுப்புக் கையுறை இரண்டு, ஒரு துண்டுக் காகிதம்: "இனி எனக்கு இது வேண்டாம்."

நான் எழுதி வைத்திருந்த பாட்டைக் கொடுக்கவில்லை. கிண்டல் செய்யும் இடத்தில் நான் இல்லை.

டிசம்பர் 6, சனி

சந்தையில் சொன்னேன். வரிசையில் ஒரு கிழவி, "இன்னும் சத்தமா," என்றாள்.

டிசம்பர் 13, சனி

'மெதுவாக' திரும்பி வந்துவிட்டது. புது வீடியோ.

வெறும் கைகள். மோதிரம் தெரிகிறது. நகத்தை ஒட்டி, கிளினிக் பூனை கீறிய தழும்பு. ஒரு நாய், இருபத்தைந்து கிலோ. தின்று தின்று எடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது: முப்பது. வைத்தியர் திட்டியதும் பட்டினி போட்டு ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். பழையபடி இருபத்தைந்துக்கு வந்திருக்க வேண்டுமே? நான்கை எழுதினாள். முன்னால் வந்து இரண்டைப் போட்டாள்.

கடைசி வரை பார்த்தேன். நன்றி வரி வரவில்லை. கீழே யாரோ அதையே கேட்டிருந்தார்கள்: "கணக்கு தந்தவருக்கு நன்றி எங்கே?" பதில் போட்டிருக்கிறாள்: "இது என் கணக்கு."

பிறகு என் முழுப்பெயரில், புகாரில் இருந்த அதே பெயரில், ஒரு கேள்வி எழுதினேன்: "அந்த ஒரு கிலோ எங்கே போயிற்று? எனக்குப் புரியவில்லை."

விடை எனக்குத் தெரியும். அவள் சொல்லி நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

கீழே அவளுடைய கைபேசி சிணுங்கியது. பிறகு படிக்கட்டு அடியிலிருந்து குரல் வந்தது.

"கீழே வா. வரும்போது தாள் எடுத்துட்டு வா."