அத்தைக்கு வண்டியில் ஒரு நாற்காலி

இன்று காலை வண்டியிலிருந்து உங்கள் நாற்காலியைக் கழற்றிவிட்டேன், அத்தை. இரண்டு நட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. அது இருந்த இடத்தில் கம்பியில் நீலக் கோடு ஒட்டியிருக்கிறது. துடைத்தால் போய்விடும். துடைக்கவில்லை.

யோசனை உங்களுடையதுதான். டயாலிசிஸுக்குப் பண்ருட்டி போய்வர வேண்டும். ஆட்டோப் புகை உங்களுக்கு ஆகாது, வாந்தி வந்துவிடும். பஸ்ஸில் நிற்க முடியாது. உங்கள் மகனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அடிக்கடி லீவு போட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அவர் ஷிப்டு பஸ்ஸில் போய்விடுவார், அவருடைய பைக் வாசலில் நிற்கும். சுரங்க நகரியத்தின் அகலமான ரோடுகளில் நான் கியர் போடப் பழகினேன். ஆனாலும் பின்னால் நீங்கள் சரிந்து விழுந்துவிடுவீர்களோ என்று பயம். அப்போதுதான் காலுடைந்து கொல்லையில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினீர்கள்.

"சாஞ்சிகினு குந்த ஒரு முதுகு இருந்தா போதும். அத அறுத்து வண்டில மாட்டு."

அறுத்தேன். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டேன். ஒருபக்கமாக உட்காரும் உங்கள் முதுகுக்குத் தோதாக, அதைப் பின்சீட்டின் வலப்பக்கக் கம்பியில் நட்டு போட்டு முடுக்கினேன். வீங்கிய பாதம் வைக்க ஒரு பலகை. அது வழுக்காமலிருக்க மேலே பழைய செருப்பின் அடிப்பாகம். ஊசி குத்தும் கை கம்பியில் இடிக்கக் கூடாதென்று சைக்கிள் ட்யூபைச் சுற்றினேன். குலுங்காமலிருக்கப் பின்பக்க ஷாக்கை ஒரு படி தளர்த்தினேன். எல்லாம் முடிந்ததும், இடப்பக்கக் கண்ணாடியை உங்கள் முகம் தெரிகிற மாதிரி திருப்பிவைத்தேன். மயக்கம் வந்தால் எனக்குத் தெரிய வேண்டுமே.

தெருவில் சிரித்தார்கள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தீர்கள், கலெக்டர் ஜீப்பில் வருகிற மாதிரி.

உங்கள் காரியத்தன்று உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் பெத்த பொண்ணு, என்னால முடியல. நீதான் அண்ணி எங்கம்மாவ சொமந்துகினு போன" என்றாள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கையை உருவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. ஏனென்றால் நீங்கள் போனபின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை, நாம் கிளம்புகிற நேரத்தில் விழிப்பு வந்து, இன்று போக வேண்டாம் என்பது நினைவுக்கு வந்ததும், நான் புரண்டு படுத்து நிம்மதியாகத் தூங்கினேன். நீங்கள் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

உங்களுக்கு இது முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். ஒருநாள் திரும்பும்போது, முந்திரித்தோப்பு ஓரம் நிறுத்தி உங்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். அதற்குமேல் குடிக்கக் கூடாது என்று பாட்டிலை வாங்கி மூடினேன். அன்று என்ன கோபமோ, கொஞ்சம் வெடுக்கென்று வாங்கிவிட்டேன்.

"சலிச்சிப் போச்சா ஒனக்கு?" என்று கேட்டீர்கள்.

"அதெல்லாம் இல்லீங்க அத்த" என்றேன்.

வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் உங்கள் கண்கள் என்னையே பார்த்தபடி இருந்தன. உங்களைப் பார்த்துக்கொள்ள நான் திருப்பிவைத்த கண்ணாடியில் என் முகமும் உங்களுக்குத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை நாள் பார்த்திருப்பீர்கள்? சிவப்பு விளக்கில் நான் உதட்டைக் கடிப்பதை, ஆஸ்பத்திரி வாசலில் பெருமூச்சு விடுவதை. அந்த ஒருநாள் தவிர ஒன்றும் கேட்கவில்லை நீங்கள். அடுத்த முறையிலிருந்து தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டீர்கள்.

இன்று நாற்காலியைக் கழற்றியதும், காரணமே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பண்ருட்டி ரோட்டில் போனேன். வண்டி எவ்வளவு லேசாக ஓடியது தெரியுமா! வளைவில் நான் சாய்ந்த பக்கம் அதுவும் சாய்ந்தது. ஒரு பஸ்ஸை முந்தினேன். காற்று முகத்தில் அடித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அத்தை. உங்களிடம் பொய் சொல்ல இனி எனக்குத் தெம்பில்லை.

பலாப்பழம் குவித்திருந்த கடைகளுக்கு முன்னால் வேகத்தடை தெரிந்தது. பிரேக்கை அழுத்தினேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றினேன். என்னை அறியாமல் தலையைத் திருப்பி, "மேடு வருது அத்த, புடிச்சிக்கங்க" என்றேன்.

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.