அலமாரியின் இடது பக்கம்

ஃபஹாஹீல், குவைத்
18-5-2007, வெள்ளி

அன்புள்ள ஹிஃப்ஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் உம்மாவும் ஜொஹராவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். பிள்ளைக்குச் சளி விட்டதா? உம்மாவின் சர்க்கரை மாத்திரையைத் தீருமுன்பே வாங்கி வைத்துக்கொள்.

வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே உம்மா. தஞ்சாவூரில் உன் கவிதைப் புத்தகத்துக்குக் கூட்டம் வைக்கிறார்கள், புனைபெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் மேடையேறி வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று ஒருநாள் குரலை இறக்கிக் கேட்டாய். அன்றிலிருந்து நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போய்வருகிறவர் அல்வாவை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, புதிய கவிதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவராமல் உள்ளே வர முடியாது. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ முடிந்து வந்ததும் எல்லோரும் சாப்பிடுவோம். பிறகு ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கட்டிலில் சாய்ந்து கேட்போம். அப்புறம் சண்டை. வெல்டர் பத்மநாபன் அண்ணனுக்குக் கவிதை என்றால் கடைசி வரி ஆளைத் தூக்கிப்போட வேண்டும். ஓட்டல் கேஷியர் சேதுராமனுக்கு அதுதான் ஆகாது. எழுதுகிறவர் பாதியில் எழுந்து போய்விட வேண்டும், மீதியை நாம் யோசிக்க வேண்டும் என்பார். நான் சுலைமானி டீ போட்டுக் கொடுத்து இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

போன வெள்ளி, ஊரிலிருந்து திரும்பிய அன்பரசன் பையிலிருந்து எடுத்தது உன் புத்தகம்! எனக்கே நீ இன்னும் அனுப்பவில்லை. வரும்போது படித்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று சொல்லிவிட்டாய். எங்கள் வீட்டில் எழுதியது என்று வாய்வரை வந்துவிட்டது. எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று அடக்கிக்கொண்டேன். கருவாடு காயப்போடும் கவிதைக்கு பத்மநாபன் அண்ணன் தொடையைத் தட்டி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கடுத்ததுதான் இது.

"நீ வருமுன் அலமாரியின்
இடது பக்கத்தைக் காலி செய்து
செய்தித்தாள் விரித்துப் பாச்சை உருண்டை போடுகிறேன்.
நீயோ அறை நடுவே திறந்த பெட்டியிலிருந்தே
சட்டை எடுத்து உடுத்துகிறாய்.
பெட்டியைக் கட்டிவந்த பச்சைக் கயிறு
கட்டில் காலில் காத்திருக்கிறது.
நீ போனபின் திறந்து பார்த்தேன்.
உருண்டை மட்டும் கரைந்திருந்தது."

அன்று யாரும் சண்டை போடவில்லை. அவரவர் கட்டிலுக்கடியில் அவரவர் பெட்டி இருக்கிறதே. பத்மநாபன் அண்ணன்தான் முதலில் பேசினார். "இந்தப் புள்ளைக்கு அந்தாளு மேல சரியான கோவம்" என்றார். கோபம் என்றால் ஒவ்வொரு தடவையும் எதற்குக் காலி செய்து வைக்கிறது என்று அன்பரசன் மடக்கினான். "அந்தாளு மட்டும் கையில கெடைச்சான், நாலு கேள்வி நறுக்குன்னு கேப்பேன்" என்றார் சேதுராமன். நான் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்று சொல்லிவைத்தேன். "இருந்தா வாயைத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானே பாய்?" என்றார்.

அன்றிலிருந்து நான் நிலைகொள்ளாமல் அலைகிறேன். கடையில் மூன்று மீட்டர் துணி கேட்ட ஒரு அம்மாவுக்கு இரண்டிலேயே கத்தரி வைத்துவிட்டேன். போனை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். எனக்குக் கோபமும் இருக்கிறது ஹிஃப்ஸா. அந்த இடது பக்கம் எனக்கு என்று நீ ஒருநாளும் சொல்லவில்லையே! பிள்ளையின் துணிக்கு என்றல்லவா நினைத்திருந்தேன். என்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய்.

ஆகவே என் பதில்: தஞ்சாவூருக்குப் போ. அந்த ஒரு கவிதையை மட்டும் வாசிக்காதே.

ஞாயிறு

மேலே உள்ளதை எழுதி மடித்துத் தலையணைக்கடியில் வைத்தேன். சேதுராமன் புதன்கிழமை லீவில் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று இருந்தேன். இன்று அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு உன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகப் படித்தார். அந்தப் பக்கத்தைத்தான். "எங்க வீட்டு அலமாரியில எனக்கு எடம் இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது பாய். இந்தத் தடவ போன அன்னைக்கே பெட்டியக் காலி பண்ணிப் பரண்ல ஏத்திருவேன்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுதினது எங்கள் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாலு கேள்வி கேட்கவில்லை. ஏன் பாய் என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். பெட்டியைக் காலி செய்தால் திரும்ப அடுக்க வேண்டும். ஜொஹரா நடக்கப் பழகிய வருஷம் நான் அடுக்க அடுக்க அவள் ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுத்துப் போட்டாள். விளையாட்டு என்று நீ சிரித்தாய். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகுதான் பெட்டியை விட்டு எதையும் வெளியே எடுப்பதில்லை. இருக்க மனமில்லாமல் அல்ல, ஹிஃப்ஸா.

முதலில் எழுதிய பதிலை அடித்துவிடு. உன் சொந்தப் பெயரிலேயே மேடையேறு. அந்தக் கவிதையை முதலில் வாசி. கடைசி வரியை அவசரப்படாமல் வாசி, பத்மநாபன் அண்ணனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அவர்தான் சொல்லச் சொன்னார். உம்மாவிடம் வெள்ளிக்கிழமை நானே பேசுகிறேன். கொஞ்சம் முணுமுணுப்பார்கள். கருவாட்டுக் கவிதையை வாசித்துக் காட்டு, அதில் வருவது தான்தான் என்று தெரிந்தால் தஞ்சாவூருக்குத் தானும் வருகிறேன் என்பார்கள்.

சேதுராமன் கையில் ஒரு பொட்டலம் வரும். சென்ட்டோ, பால்பவுடரோ இல்லை, ஏமாந்துவிடாதே. நான் போட்டுப் பழகிய சட்டைகள், இரண்டு. இடது பக்கத்தில் மடித்து வை. இன்ஷா அல்லாஹ், நான் வரும்போது அவை அங்கேயே இருக்கட்டும். அவற்றை மட்டும் திரும்பக் கட்டித் தராதே. நான் கேட்டாலும் தராதே.

ரப்பு உங்கள் மூவரையும் காப்பானாக.

உன் மச்சான்
அஸ்கர் அலி