மீதி வர வேண்டும்

ஜனவரி 20, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். 19 பகா எண், அதனால் இரண்டைப் பத்தொன்பது தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 524287-உம் பகா எண்தான் என்று எழுந்து சொன்னேன். கணக்கு சார் ஜெயகிருஷ்ணன் போர்டில் எழுதினார். 11 பகா எண். அதே மாதிரி செய்தால் 2047. அது 23 × 89. வகுப்பே சிரித்தது. அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். “இது மட்டும் பகா எண்தான் சார்” என்றேன்.

இதன் வர்க்கமூலம் 724-ஐ ஒட்டி வரும், அதுவரை 128 பகா எண்கள் இருக்கு, ஒவ்வொன்றாலும் வகுத்து அடுத்த திங்கள் கொண்டு வா, ஒன்றாவது மீதி இல்லாமல் போனால் அப்பாவைக் கூட்டி வா என்றார்.

அப்பா பொங்கலன்றே சொல்லிவிட்டார். “ஏட்டி, பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு புகார் வந்துச்சுன்னா, ஆட்டுக்கிடைக்குப் பொங்கிப்போட வந்திரணும்.” ஆடுகளைப் பத்திக்கொண்டு தெற்கே வயக்காடுகளுக்குப் போனால் ஆவணியில்தான் திரும்புவார். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சில்.

ஜனவரி 21

அப்பா தூங்கிய பிறகுதான் நோட்டை எடுக்க முடிகிறது. 1 முதல் 724 வரை எழுதி, வகுபடுவதையெல்லாம் வெட்டினேன். வெட்டாமல் நின்றதை எண்ணினால் சரியாக 128.

ஜனவரி 23

41 ஆயிற்று. ஒவ்வொன்றிலும் கடைசிக் கழித்தலை இரண்டு தடவை போட்டுப் பார்க்கிறேன். ஒரே ஒரு பூஜ்யம் — அவ்வளவுதான் நான்.

ஜனவரி 24

கம்பு மூட்டைக்கு அடியில் இருந்த நோட்டை அம்மா பார்த்துவிட்டாள். படிக்கத் தெரியாது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். திரும்ப அங்கேயே வைத்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

முடிந்தது என்றுதான் இருந்தேன். சாயங்காலம் அம்மா உளுந்து அளந்தாள். “லாபம், ரெண்டு, மூணு...” முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டாள், லாபம் என்பாள். நானும் அப்படித்தான் எண்ணினேன். முதல் எண்ணில் விரலை வைத்து, லாபம். அந்த முதல் எண் 1. வகுக்கும்போது மட்டும் 2-இல் தொடங்கியிருக்கிறேன்.

1 பகா எண்ணே இல்லையே. அப்படியென்றால் என்னிடம் இருப்பது 127. எதையோ தப்பாக வெட்டியிருக்கிறேன். எதை?

அதே நாள்

457. மூன்றால் வகுபடும் என்று வெட்டியிருக்கிறேன், மடச்சி.

ஏன் இன்னும் வகுக்காம உக்காந்திருக்கேன்? பயமா இருக்கு. பூஜ்யம் வந்துட்டா யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? செண்பகவல்லித் தாயே —

1147 தடவை. மீதி 108.

ஆம்புலன்ஸ் நம்பர். சிரிப்பு வரவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 27

சார் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். 457-ஐ மட்டும் அவரே மறுபடி வகுத்தார். “உன் விதி தப்பு. எண் சரி” என்றார். அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

புகார் வரவில்லை, அப்பாவும் சொல் மாறவில்லை. ஆனால் கிடைக்குப் பொங்க ஒருத்தி போயாக வேண்டும்; எனக்குப் பதிலாக அம்மா போய்விட்டாள், தீராத இடுப்பு வலியோடு. சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் தெற்கே நடந்தாள். நான் எட்டு மணி கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். ராத்திரித் துணைக்கு மட்டும் பெரியம்மா வருகிறாள்.

மூன்று பேரில் இரண்டு பேர் போனால் மீதி ஒன்று.

அம்மா இருந்திருந்தால் லாபம் என்று சொல்லியிருப்பாள்.